ஊர் ரேடியோவுக்கு வாய்ப்பூட்டா?

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது நம்மவர் வாக்கு. பேசத் தெரிந்த பிள்ளை ஒன்றை ஊரார் கையில் கொடுத்துவிட்டு, "இது பாடலாம், கதை சொல்லலாம், கைவைத்தியமும் சொல்லலாம், ஆனால் ஊரில் நடப்பதை மட்டும் வாய்திறந்து சொல்லக் கூடாது" என்று நிபந்தனை போட்டால், அந்தப் பிள்ளையினால் ஊருக்கு என்ன பிரயோஜனம்? சமுதாய வானொலி என்ற பெயரில் நம் தேசத்தில் நடந்துவரும் சிறிய ரேடியோ நிலையங்களின் நிலைமை இன்று இதுவேயாகும்.

தேசம் முழுவதிலும் இத்தகைய நிலையங்கள் சுமார் 500 இருக்கின்றன. கல்லூரிகளும், விவசாய ஸ்தாபனங்களும், கிராம சேவைச் சங்கங்களும் அவற்றை நடத்துகின்றன. ஒவ்வொன்றின் குரலும் ஏறக்குறையப் பத்துக் கிலோமீட்டர் தூரத்துக்குத்தான் எட்டும். அவற்றில் ஒன்றுக்காவது தன் ஊர்ச் செய்தியைத் தானே சேகரித்துத் தன் குரலில் சொல்லும் உரிமை கிடையாது. இந்த நிபந்தனை நியாயமா என்பதையும், இந்த நிலையங்களுக்கு யார் சொந்தக்காரராக இருத்தல் வேண்டும் என்பதையும் இன்று ஆராய விரும்புகிறோம். இது ஏதோ ரேடியோக்காரர்களின் வீட்டு விவகாரம் என்று பொதுஜன ஊழியர்கள் ஒதுக்கிவிடக் கூடாது. எழுதப் படிக்கத் தெரியாத ஏழை ஜனங்களின் பேச்சுரிமை இதில் அடங்கியிருக்கிறது.

சென்னை காட்டிய வழி

உள்ளூரார் ரேடியோ நடத்துவது நமக்குப் புதிய விஷயமல்ல. 1924-ம் வருஷம் மே மாதம் 16-ந் தேதி சென்னையில் சில அன்பர்கள் கூடிச் சென்னை மாகாண ரேடியோ கிளப் என்ற சங்கத்தை ஸ்தாபித்தார்கள். ஸி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் அதற்கு உயிராக இருந்தவர். அதே வருஷம் ஜூலை 31-ந் தேதி அச்சங்கம் ஒலிபரப்பைத் தொடங்கிற்று. பணமுடையினால் 1927-ல் அது நின்றுபோயிற்று. ஆயினும் முயற்சி வீணாகவில்லை. சங்கத்தின் கருவியைச் சென்னை நகரசபை ஏற்றுக்கொண்டு, 1930 ஏப்ரல் 1-ந் தேதி முதல் தானே ஒலிபரப்பு நடத்தியது. 1938 ஜூன் 16-ந் தேதி அகில இந்திய ரேடியோ சென்னையில் தன் நிலையத்தைத் திறக்கும் வரையில், எட்டு வருஷ காலம், இந்நகரத்தின் ரேடியோவுக்கு இந்நகரத்தாரே சொந்தக்காரர்களாக இருந்தார்கள்.

அதே சமயத்தில் லாபத்துக்காக ஏற்பட்ட கம்பெனியின் கதை என்ன? இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனி 1927 ஜூலை 23-ந் தேதி பம்பாயில் வைஸ்ராய் இர்வின் பிரபுவைக் கொண்டு கோலாகலமாகத் திறப்பு விழா நடத்திற்று. அடுத்த மாதமே கல்கத்தாவிலும் நிலையம் கண்டது. மூன்று வருஷம் நிறைவதற்குள், 1930-ல், திவாலாகி மூடப்பட்டது. லாபத்தை நாடிய ராஜதானிக் கம்பெனி விழுந்தது. ஊரை நாடிய நகரசபை நிலையம் நின்றது. இந்தச் சரித்திரத்தை நம் சர்க்கார் மறந்துவிட்டாலும் சென்னைவாசிகளாகிய நாம் மறப்பதற்கில்லை.

ஆகாயம் யாருடையது?

ரேடியோ நடத்த லைசென்ஸ் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். பத்திரிகை ஆரம்பிப்பவர் பதிவு செய்துகொண்டால் போதும். ரேடியோவுக்கு மட்டும் அனுமதி ஏன்? இதற்கு நியாயமான காரணம் உண்டு. ஒரே அலைவரிசையில் இருவர் பேசினால் இருவர் குரலும் கேட்காது. வாய்க்கால் நீருக்கு முறை வைப்பதைப் போல ஆகாயத்துக்கும் யாராவது முறை வைத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் முறை வைக்கும் நீராணிக்கன், "உன் வயலில் நெல் போடாதே, கேழ்வரகுதான் போட வேண்டும்" என்று சொல்ல அதிகாரம் பெற்றவனல்லன்.

இந்த அதிகாரம் சர்க்காருக்கு எங்கிருந்து வந்தது? 1885-ம் வருஷத்துத் தந்திச் சட்டத்தின் 4-வது பிரிவு, தந்தி அமைத்து நடத்தும் தனியுரிமையைச் சர்க்காருக்கு அளித்தது. கம்பியில்லாத் தந்திக்கு 1933-ல் தனிச் சட்டம் பிறந்தது. இரண்டும் அன்னியர் ஆட்சி தன் பாதுகாப்புக்காகச் செய்துகொண்டவை. 1942 ஆகஸ்டுப் புரட்சியில் பம்பாயில் உஷா மேத்தாவும் அவருடைய தோழர்களும் லைசென்ஸ் இல்லாமல் காங்கிரஸ் ரேடியோவை நடத்தினார்கள். வீடு விட்டு வீடு மாற்றி, போலீஸார் கண்ணில் படாமல், தணிக்கை செய்யப்பட்ட பத்திரிகைகள் வெளியிட முடியாத செய்திகளைத் தேசத்துக்குச் சொன்னார்கள். நவம்பர் 12-ந் தேதி அவர் பிடிபட்டார். நான்கு வருஷச் சிறை கிடைத்தது. அந்த வீராங்கனையின் குற்றம் என்ன? ரேடியோவில் செய்தி சொன்னதுதான்! சுதந்திர இந்தியாவில் அவரைப் போற்றாத தலைவர் இல்லை. அவர் செய்த காரியத்தைக் கிராமத்துப் பெண் ஒருத்தி முறைப்படி லைசென்ஸ் வாங்கிக்கொண்டு செய்வதற்குத்தான் இன்றும் அனுமதி இல்லை.

1995 பிப்ரவரி 9-ந் தேதி சுப்ரீம் கோர்ட், வங்காளக் கிரிக்கெட் சங்கத்தின் வழக்கில், ஆகாய அலைகள் பொதுஜனங்களின் சொத்து என்று தீர்ப்பளித்தது. சர்க்காருக்கும் அதில் ஏகபோகம் இல்லை, பணக்காரருக்கும் இல்லை. எல்லாப் பகுதி ஜனங்களின் பிரதிநிதித்துவமும் கொண்ட சுயாதீனமான பொது அதிகார ஸ்தாபனம் ஒன்று அதை நிர்வகிக்க வேண்டும் என்றும் கோர்ட் பணித்தது. முப்பது வருஷங்கள் சென்றுவிட்டன. அந்த ஸ்தாபனம் இன்னும் பிறக்கவில்லை. 1997-ல் ஏற்பட்ட பிரஸார் பாரதி, அகில இந்திய ரேடியோவையும் தூர்தர்ஷனையும் நடத்துகிறதேயன்றி, மற்றவர்களுக்கு லைசென்ஸ் வழங்குவதில்லை. அது இன்றும் மந்திரி காரியாலயத்தின் கையில்தான் இருக்கிறது.

பழைய சட்டங்களுக்குப் பதிலாக 2023-ல் பார்லிமெண்டு நிறைவேற்றிய தொலைத்தொடர்புச் சட்டம், மத்திய சர்க்கார் மக்களின் சார்பில் அலைக்கற்றைக்குச் சொந்தக்காரர் என்று கூறுகிறது. மக்களின் சார்பில் என்ற அந்த வார்த்தைகளை நாம் வரவேற்கிறோம். சட்டம் பயின்றவர்கள் அதன் பொருளை அறிவார்கள். பிறர் சொத்தை அவர் சார்பில் வைத்திருப்பவன் தர்மகர்த்தா. கோயில் சொத்தைத் தர்மகர்த்தா நிர்வகிக்கலாம்; கதவு திறக்கும் நேரத்தை வகுக்கலாம். உள்ளே வந்த பக்தனின் வாயைப் பொத்த அவருக்கு அதிகாரம் உண்டா?

சொந்தக்காரர் விதி

இனி லைசென்ஸ் நிபந்தனைகளைப் பார்ப்போம். 2002 டிசம்பரில் சர்க்கார் முதன் முதலாகக் கல்வி ஸ்தாபனங்களுக்கு மட்டும் கதவைத் திறந்தது. 2004 பிப்ரவரி 1-ந் தேதி சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் தேசத்தின் முதல் சமுதாய வானொலி பேசத் தொடங்கிற்று. இதிலும் சென்னைக்கே முதல் இடம். 2006 நவம்பரில் லாப நோக்கமற்ற சேவைச் சங்கங்களுக்கும் அனுமதி விரிவாயிற்று.

2006-ம் வருஷத்து விதிகளில் பல, நல்ல விதிகள் என்பதை ஒப்புக்கொள்கிறோம். தனி நபருக்கு லைசென்ஸ் இல்லை. அரசியல் கட்சிகளுக்கும் அவற்றின் கிளை ஸ்தாபனங்களுக்கும் இல்லை. லாபத்துக்காக நடக்கும் கம்பெனிகளுக்கு இல்லை. சங்கம் பதிவாகி மூன்று வருஷமாவது ஆகியிருக்க வேண்டும். ஒலிபரப்பின் சக்தி பொதுவாக 100 வாட்டுக்குள்ளும், கோபுரத்தின் உயரம் 30 மீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும். நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூரிலேயே தயாராக வேண்டும். எந்த ஜனங்களுக்காக நிலையம் நடக்கிறதோ அந்த ஜனங்களை நிர்வாகம் பிரதிபலிக்க வேண்டும். நிலையம் ஊருடையதாக இருத்தல் வேண்டும் என்ற தத்துவம் இவற்றில் தெளிவாக இருக்கிறது.

பிறகு நடந்தது என்ன? 2024 பிப்ரவரியில் புதிய விதிகள் வெளியாயின. லைசென்ஸின் காலம் ஐந்து வருஷத்திலிருந்து பத்து வருஷமாயிற்று. மணிக்கு ஏழு நிமிஷமாக இருந்த விளம்பர நேரம் பன்னிரண்டு நிமிஷமாயிற்று. நிகழ்ச்சி ஆலோசனைக் கமிட்டியில் பாதிப் பேராவது ஸ்திரீகளாக இருக்க வேண்டும் என்றும் விதித்தார்கள். இவை நல்ல மாறுதல்களே. ஆனால் இவற்றுடன் மற்றொன்றும் சேர்ந்து வந்தது. பல ஜில்லாக்களில் வேலை செய்யும் ஒரே ஸ்தாபனம் ஆறு நிலையங்கள் வரையில் வைத்துக்கொள்ளலாமாம். ஆறு ஜில்லாவில் ஆறு நிலையம் நடத்தும் ஸ்தாபனம் எந்த ஊருக்குச் சொந்தம்? ஐந்து ஊரார் ஆறாவது ஊரிலுள்ள காரியாலயத்தின் முகம் பார்த்துப் பேசும்படி நேராதா?

லாபத்துக்காக நடக்கும் எப்.எம். நிலையங்களின் விஷயத்திலும் காற்று இதே பக்கம்தான் வீசுகிறது. தேசத்திலுள்ள தனியார் நிலையங்களில் 15 சதவிகிதத்துக்கு மேல் ஒரே கம்பெனி வைத்திருக்கக் கூடாது என்று 2011-ம் வருஷத்து விதி கூறிற்று. கம்பெனிகள் நெடுநாளாகக் கேட்டதன் பேரில் 2022 அக்டோபரில் அந்த வரம்பைச் சர்க்கார் எடுத்துவிட்டது.

ஆகவே சொந்தக்காரர் விதி வருஷத்துக்கு வருஷம் தளர்ந்துகொண்டு போகிறது. பேச்சு விதியோ அன்று பூட்டிய பூட்டாகவே இருக்கிறது. எங்கே இறுக்க வேண்டுமோ அங்கே தளர்த்தி, எங்கே தளர்த்த வேண்டுமோ அங்கே இறுக்குவது ராஜதந்திரமாகாது.

அமெரிக்காவைப் பாருங்கள். அந்த தேசத்தின் தகவல் தொடர்புக் கமிஷன் 2000 ஜனவரியில் சிறிய ரேடியோ நிலையங்களுக்கு விதி வகுத்தது. அங்கும் சக்தி 100 வாட்டுதான். அங்கும் லாபம் கூடாது. பொதுவாக ஒரு ஸ்தாபனத்துக்கு ஒரே நிலையம். ஸ்தாபனத்தின் தலைமைக் காரியாலயம் அவ்விடத்திலேயே இருக்க வேண்டும். இல்லையேல் நிர்வாக அங்கத்தினரில் 75 சதவிகிதம் பேர் பெரிய நகரங்களில் 10 மைலுக்குள்ளும் மற்ற இடங்களில் 20 மைலுக்குள்ளும் வசிக்க வேண்டும். சொந்தக்காரர் விஷயத்தில் இவ்வளவு கண்டிப்பு. செய்தி சொல்லக் கூடாது என்ற நிபந்தனை மட்டும் அங்கே கிடையாது. அதே 100 வாட்டு. அங்கே அது பேசுகிறது, இங்கே அது முனகுகிறது.

எது செய்தி?

நம் விதி என்ன சொல்கிறது? செய்தியும் நடப்பு விவகாரங்களும் கூடாது. அகில இந்திய ரேடியோவின் செய்தியை அப்படியே, அல்லது உள்ளூர்ப் பேச்சில் மொழிபெயர்த்து, அஞ்சல் செய்துகொள்ளலாம். போக்குவரத்து, வானிலை, திருவிழா, பரீட்சை முடிவு, வேலை வாய்ப்பு ஆகியவை செய்தியாகக் கருதப்படமாட்டா. மின்சாரம், தண்ணீர், இயற்கை உற்பாதம், சுகாதாரம் ஆகியவை பற்றி ஸ்தல நிர்வாகம் கொடுக்கும் அறிவிப்பும் செய்தியாகாது.

ஸ்தல நிர்வாகம் கொடுக்கும் என்ற நிபந்தனையில்தான் சூட்சுமம் இருக்கிறது. "நாளைக் காலை ஆறு மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும்" என்று பஞ்சாயத்துக் காரியாலயம் எழுதிக் கொடுத்தால் ரேடியோ வாசிக்கலாம். நாளைக் காலை தண்ணீர் வரவில்லை. "ஏன் வரவில்லை?" என்று ஒரு பெண் ரேடியோவில் கேட்டால் அது நடப்பு விவகாரம்! அதிகாரி சொன்னால் அறிவிப்பு. குடிஜனம் கேட்டால் குற்றம். உத்தியோகஸ்தரின் குரலை ஊருக்கு எட்டச் செய்யவும், ஊரின் குரலை உத்தியோகஸ்தருக்கு எட்டாமற் செய்யவும் ஒரு கருவி வேண்டுமானால், தண்டோராவே போதும், ரேடியோ எதற்கு?

இது வெறும் தர்க்கமல்ல. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் கன்னியாகுமரிக் கடலைக் கலக்கியபோது, மீனவர் பலர் ஆழ்கடலில் இருந்தனர். கரையில் நின்ற தாய்மாரும் மனைவிமாரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: யார் திரும்பினார்கள், யார் திரும்பவில்லை? காணாமற் போனவர் எத்தனை பேர் என்பதில் சர்க்கார் கணக்கும் மீனவர் சங்கங்களின் கணக்கும் பல நாள் ஒத்துவரவில்லை. அத்தகைய வேளையில் கடற்கரைக் கிராமத்தின் ரேடியோ வீடு வீடாக விசாரித்துத் தன் கணக்கைச் சொல்ல முன்வந்தால், லைசென்ஸ் நிபந்தனை குறுக்கே நிற்கும். நிர்வாகம் கொடுத்த எண்ணிக்கையைச் சொல்லலாம். ஊரார் எண்ணிய எண்ணிக்கையைச் சொன்னால் லைசென்ஸுக்கு ஆபத்து. பாம்பனில் 2016 முதல் மீனவர்களுக்காகக் 'கடல் ஓசை' என்ற நிலையம் நடந்துவருகிறது. மீனவனிடம் மீனவனின் பேச்சில் பேசும் ரேடியோ எவ்வளவு அரியது! மீனவனுக்கு உயிர்ப் பிரச்னையாக உள்ள விஷயத்தை மட்டும் அதில் பேசக் கூடாது என்றால், அந்த அருமையால் அவனுக்கு ஆவதென்ன?

இந்தத் தடை யார் தலையில் விழுகிறது என்பதையும் யோசிக்க வேண்டும். படித்தவர்களுக்குப் பத்திரிகை இருக்கிறது. வசதியுள்ளவர் வீட்டில் இருபத்துநான்கு மணி நேரமும் டெலிவிஷன் செய்தி முழங்குகிறது. செல்போனில் உண்மையும் பொய்யும் கலந்து ஓடுகின்றன. இவற்றுக்கெல்லாம் இல்லாத தடை, காதால் கேட்டே உலகத்தை அறியும் ஏழையின் ரேடியோவுக்கு மட்டும் இருக்கிறது. 1878-ல் லிட்டன் பிரபு தேசபாஷைப் பத்திரிகைகளுக்கு வாய்ப்பூட்டுச் சட்டம் போட்டார். ஆங்கிலப் பத்திரிகைகளுக்கு அச்சட்டம் இல்லை. எஜமானரின் பாஷையில் எழுதலாம், ஜனங்களின் பாஷையில் எழுதக் கூடாது என்பதே அதன் நீதி. நான்கு வருஷத்துக்குள் அது ஒழிந்தது. எழுத்தில் சொல்லலாம், பேச்சில் சொல்லக் கூடாது என்ற இன்றைய நீதி அதற்கு எவ்விதத்தில் உயர்ந்தது?

தெலுங்கானாவின் மாச்சனூர்க் கிராமத்தில், 2008 அக்டோபர் 15-ந் தேதி, சங்கம் ரேடியோ திறக்கப்பட்டது. தக்காண அபிவிருத்திச் சங்கத்தைச் சேர்ந்த ஹரிஜனப் பெண்கள் அதை நடத்துகிறார்கள். அதற்கு ஏறக்குறையப் பத்து வருஷம் முன்பே கட்டிடமும் கருவியும் தயார். லைசென்ஸ் வரும்வரை அப்பெண்கள் நிகழ்ச்சிகளை ஒலிநாடாவில் பதிந்து, சங்கக் கூட்டங்களில் போட்டுக் கேட்டார்கள். விதை, மண், மழை, கூலி ஆகியவற்றைத் தம் பேச்சில் பேச அவர்கள் பத்து வருஷம் பொறுத்தார்கள். இவ்வளவு பொறுமையும் பொறுப்பும் உள்ளவர்களிடம் ஊர்ச் செய்தியை ஒப்படைக்க முடியாதென்றால், வேறு யாரிடம் ஒப்படைப்பது?

ஆட்சேபங்கள்

எதிர்த்தரப்பின் வாதத்தையும் கேட்போம். சிறிய நிலையங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன; அவற்றைக் கண்காணிப்பது கஷ்டம்; யாராவது துவேஷத்தைக் கிளப்பிவிட்டால் தேசப் பாதுகாப்பு என்னாவது என்கிறார்கள். ஆப்பிரிக்காவில் ருவாண்டா தேசத்தில் 1994-ல் ஒரு ரேடியோ நிலையம் கொலை வெறியை மூட்டியதை எடுத்துக்காட்டுகிறார்கள். அது பயங்கரமான உண்மை. அதை இலேசாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் அந்த நிலையம் யாருடையது? 1993-ல் அதைத் தொடங்கிப் பங்கு வைத்திருந்தவர்கள் ஆட்சி பீடத்தைச் சூழ்ந்திருந்தவர்களே, கிராமத்துக் குடியானவர்களல்லர். ஆகவே அந்த உதாரணம் கற்பிக்கும் பாடம், சொந்தக்காரர் யார் என்பதில் கண்டிப்பாக இருக்க வேண்டும் என்பதே. செய்தி கூடாது என்பதல்ல.

துவேஷப் பேச்சைத் தண்டிக்கப் பொதுச் சட்டம் இருக்கிறது. ஒலிபரப்பிய ஒவ்வொரு நிகழ்ச்சியையும் மூன்று மாதம் பாதுகாத்து வைக்க வேண்டும் என்று லைசென்ஸிலேயே நிபந்தனை இருக்கிறது. சாட்சியத்தைக் கையில் வைத்துக்கொண்டு தவறு செய்தவனைத் தண்டிப்பது நீதி. தவறு செய்யக்கூடும் என்று சந்தேகித்து எல்லோர் வாயையும் முன்கூட்டியே கட்டுவது அடக்குமுறை.

பக்கத்து நேபாளத்தில் 1997-ல் சாகர்மாதா ரேடியோ தொடங்கியது. தொடர்ந்து மலைநாடு முழுவதிலும் ஊர் ரேடியோக்கள் பெருகிச் செய்தி சொல்லின. 2005 பிப்ரவரி 1-ந் தேதி மன்னர் ஞானேந்திரர் ஆட்சியைத் தம் கையில் எடுத்துக்கொண்டபோது, எப்.எம். நிலையங்கள் செய்தி சொல்லக் கூடாதென்று தடை வந்தது. அடுத்த வருஷம் ஏப்ரலில் ஜனங்களின் கிளர்ச்சி அவருடைய நேரடி ஆட்சிக்கு முடிவு கட்டிற்று. அங்கே எதேச்சாதிகாரி போட்ட தடையை இங்கே ஜனநாயக சர்க்கார் நிரந்தர விதியாக வைத்திருப்பது நமக்குக் கௌரவமல்ல.

செய்ய வேண்டியது

நாம் கேட்பது அதிகமில்லை. முதலாவதாக, ஒவ்வொரு நிலையமும் தன் எல்லைக்குள் நடப்பதைத் தானே விசாரித்துச் சொல்ல உரிமை பெற வேண்டும். பத்திரிகைகளைக் கட்டுப்படுத்தும் அவதூறுச் சட்டமும் துவேஷத் தடைச் சட்டமும் ரேடியோவையும் கட்டுப்படுத்தட்டும். அவற்றுக்கு மேல் ஒரு வார்த்தையும் வேண்டியதில்லை. இரண்டாவதாக, நிர்வாகக் கமிட்டியில் முக்கால் பங்கினர் ஒலிபரப்பு எட்டும் எல்லைக்குள் வசிப்பவராக இருக்க வேண்டும். ஒரு ஸ்தாபனம் பல நிலையங்கள் நடத்தினால் ஒவ்வொன்றுக்கும் அவ்வூராரைக் கொண்ட தனி நிர்வாகம் இருக்க வேண்டும்; அது இயலாதென்றால் ஆறு என்ற சலுகை ரத்தாக வேண்டும். மூன்றாவதாக, 1995-ல் சுப்ரீம் கோர்ட் சொன்ன சுயாதீன ஸ்தாபனம் ஏற்பட்டு, லைசென்ஸ் வழங்கும் பொறுப்பு அதனிடம் சேர வேண்டும்.

இத்தனைக்கும் சர்க்காரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. தேச ஊழியர்களே, உங்கள் ஜில்லாவில் சமுதாய வானொலி நிலையம் இருக்கிறதா என்று எப்போதாவது விசாரித்திருக்கிறீர்களா? அதன் கமிட்டியில் உங்கள் ஊரார் எத்தனை பேர் என்று கேட்டிருக்கிறீர்களா? கட்சிக்காரர் அதை நடத்தக் கூடாது என்பது சரியே. ஆனால் அதன் வாய்ப்பூட்டை உடைக்க வாதாடுவது எல்லாக் கட்சியாரின் கடமையுமாகும். சட்டசபைக்கும் பார்லிமெண்டுக்கும் வோட்டுக் கேட்டு வருபவரிடம் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா என்பார்கள். டில்லியில் ஒரு மூடியைச் செய்து 500 ஊர்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதைத் திருப்பி அனுப்புவது நம் வேலை.